பிரெஞ்சில் லெ, லா, அன், யூன், த்யூ: எதை எங்கே போடுவது?

காவேரிப்பட்டணம், பிளஸ் ஒன்

பிளஸ் ஒன்னில் பிரெஞ்சு எடுத்திருக்கிறேன். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ஆர்ட்டிகிள் பட்டியல் மனப்பாடமாகத் தெரியும். லெ, லா, லே (ஆண்பால், பெண்பால், பன்மை) ஒரு வரிசை. அன், யூன், தே அதே முறையில் ஒரு வரிசை. த்யூ, தெ லா ஒரு வரிசை. வாக்கியத்துக்குள் போனதும் எதை எடுப்பது என்பதுதான் பிடிபடவில்லை. பயிற்சிப் புத்தகத்தில் உள்ள இந்த ஜோடிகளுக்குக் காரணம் சொல்ல முடியுமா?

1. ஜெம் லெ கஃபே (எனக்குக் காபி பிடிக்கும்). ஆனால் ஜெ ப்வா த்யூ கஃபே (நான் காபி குடிக்கிறேன்).
2. ஜே யூன் மாங்க் (என்னிடம் ஒரு மாம்பழம் இருக்கிறது). ஆனால் ஜெ நே பா தெ மாங்க் (என்னிடம் மாம்பழம் இல்லை).
3. ஸே அன் ப்ரொஃபெஸர். ஆனால் இல் ஏ ப்ரொஃபெஸர். இரண்டுக்கும் 'அவர் ஆசிரியர்' என்றே பொருள் போட்டிருக்கிறார்கள்.

இங்கிலீஷில் 'தி' வந்தால் லெ, 'எ' வந்தால் அன் என்று வைத்துக்கொண்டால் பாதி இடத்தில் சரியாக வருகிறது, பாதி இடத்தில் கவிழ்கிறது.

---

ஓசூர், பிரெஞ்சு ஏ1 (தொடக்க நிலை) வகுப்பு எடுப்பவர்

அந்த இங்கிலீஷ் கணக்கை முதலில் கைவிடுங்கள் தங்கச்சி. காபி பிடிக்கும், காபி குடிக்கிறேன் என்ற இரண்டு வாக்கியத்திலும் இங்கிலீஷ்காரர் காபிக்கு முன்னால் ஒன்றுமே போடமாட்டார். பிரெஞ்சுக்காரர் இரண்டு இடத்திலும் போடுவார், அதுவும் வேறு வேறு. இங்கிலீஷ் வழியாகப் போனால் முதல் ஜோடியிலேயே வழி அடைபட்டுவிடும்.

படிக்க வசதியாகத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். நோட்டில் பிரெஞ்சு எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இங்கே தெ, தே, த்யூ என்று வருவதையெல்லாம் 'தர்மபுரி' என்று சொல்லும்போது வரும் முதல் ஒலி போல மெல்ல உச்சரிக்க வேண்டும், 'தம்பி'யின் த போல அல்ல. த்யூ, யூன் இரண்டுக்கும் உதட்டை 'ஊ' சொல்லக் குவித்து, உள்ளே நாக்கால் 'ஈ' சொல்லுங்கள். சரியான ஒலி வந்துவிடும்.

இனி விஷயம். ஒரு பெயர்ச்சொல் வந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள், இதே வரிசையில்.

முதல் கேள்வி: எதைச் சொல்கிறோம் என்று கேட்பவருக்குத் தெரியுமா, அல்லது அந்த வகை முழுவதையும் பற்றிப் பேசுகிறோமா? இரண்டில் எதற்கு 'ஆம்' வந்தாலும் லெ, லா, லே. இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். 'அந்தக் காபி' என்று சுட்டும்போதும் லெ கஃபே, 'காபி என்றாலே பிடிக்கும்' என்று பொதுவாகச் சொல்லும்போதும் லெ கஃபே. அதனால்தான் எமே (பிடிக்கும்), அதோரே (ரொம்பப் பிடிக்கும்), தெதெஸ்தே (அறவே பிடிக்காது), ப்ரெஃபெரே (அதைவிட இது பிடிக்கும்) ஆகிய நான்கு வினைகளுக்குப் பின்னால் பொதுவாகப் பேசும்போது லெ, லா, லே வரிசைதான். இந்த நான்கையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் கேள்வி: முதல் கேள்விக்கு 'இல்லை' என்றால், அது ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடியதா? ஆம் என்றால் ஒருமையில் அன் அல்லது யூன், பன்மையில் தே.

மூன்றாம் கேள்வி: எண்ண முடியாததா? நீர், உப்பு, அரிசி, மாவு, எண்ணெய், பொறுமை, அதிர்ஷ்டம் போன்றவை. அதில் ஒரு பகுதியை எடுக்கிறோம் என்றால் ஆண்பாலுக்குத் த்யூ, பெண்பாலுக்குத் தெ லா, உயிரெழுத்தில் தொடங்கினால் தெ ல். உப்புக்குத் த்யூ ஸெல், மாவுக்குத் தெ லா ஃபரீன், தண்ணீருக்குத் தெ லோ. தமிழில் 'கொஞ்சம்' என்று மனதுக்குள் போட்டுக்கொண்டால் பிடிபடும்.

நம்ம ஊர் மாம்பழம் ஒன்றை மட்டும் எடுத்து எல்லா ஆர்ட்டிகிளிலும் ஓட்டிக் காட்டுகிறேன்:

இல் யா யூன் மாங்க் ஸ்யூர் லா தாப்ல். மேசைமேல் ஒரு மாம்பழம் இருக்கிறது. கேட்பவருக்கு அது புதுச் செய்தி, ஆகவே யூன். மேசை எது என்று இருவருக்கும் தெரியும், ஆகவே லா.

லா மாங்க் ஏ ம்யூர். அந்த மாம்பழம் பழுத்திருக்கிறது. இப்போது எது என்று தெரிந்துவிட்டது.

ஜெ மான்ஜ் தெ லா மாங்க். மாம்பழம் சாப்பிடுகிறேன். நறுக்கி வைத்த துண்டுகளையோ கூழையோ நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பழம் என்ற கணக்கே இங்கே இல்லை.

ஜஷெத் தே மாங்க். மாம்பழங்கள் வாங்குகிறேன். எண்ணலாம், ஆனால் எவை, எத்தனை என்று சொல்லவில்லை.

ஜெம் லே மாங்க். மாம்பழம் எனக்குப் பிடிக்கும். வகை முழுவதும்.

காபிக்கும் இப்படி மூன்று உண்டு. லெ கஃபே என்றால் காபி என்ற பானம். த்யூ கஃபே என்றால் அதில் கொஞ்சம். அன் கஃபே என்றால் ஒரு கப். கடையில் உட்கார்ந்து ஆர்டர் செய்யும்போது 'அன் கஃபே' என்பதுதான் வழக்கம், ஏனென்றால் கப் எண்ணக்கூடியது. பொருள் மாறவில்லை, பார்க்கும் விதம் மாறுகிறது. இது மனதில் தைத்துவிட்டால் மற்றதெல்லாம் பழக்கம்தான்.

---

அரூர், தமிழாசிரியர், ஓய்வு

ஓசூர்க்காரர் சொன்ன முதல் கேள்விக்குத் தமிழ்க் காதிலேயே ஒரு கருவி இருக்கிறது. இரண்டாம் வேற்றுமை உருபு 'ஐ'.

'மாம்பழம் வாங்கினேன்', 'மாம்பழத்தை வாங்கினேன்'. இரண்டும் சரியான தமிழ். முதல் வாக்கியத்தில் எந்த மாம்பழம் என்று கேட்கத் தோன்றாது. இரண்டாவதில் எதிரில் இருப்பவருக்கு முன்பே தெரிந்த ஒரு மாம்பழம் என்ற எண்ணம் தானாக வருகிறது. ஆகவே செயப்படுபொருளில் உருபு இல்லாமல் சொல்ல மனம் வந்தால் பிரெஞ்சில் யூன், தே, த்யூ, தெ லா வரிசை. உருபு கேட்டால் லெ, லா, லே. 'தண்ணீர் குடித்தான்' என்பதற்குத் தெ லோ, 'தண்ணீரைக் குடித்துவிட்டான்' என்பதற்கு லோ. 'ஒரு' என்று முன்னால் வந்துவிட்டால் உருபு இருந்தாலும் அன் அல்லது யூன்தான்.

இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு, அதையும் சேர்த்தே கற்க வேண்டும். உயர்திணைப் பெயரில் இது செல்லாது. 'பையனைப் பார்த்தேன்' என்பதில் உருபு கட்டாயம் என்பதால் அது எதையும் காட்டிக்கொடுக்காது. எழுவாய்க்கு உருபே கிடையாது. அங்கே 'அந்த' என்று முன்னால் சேர்த்தால் பொருள் கெடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, 'எனக்கு மாம்பழம் பிடிக்கும்' என்பதில் உருபு வருவதில்லை, ஆனாலும் பிரெஞ்சில் லே. அங்கே ஓசூர்க்காரர் எழுதச் சொன்ன நான்கு வினைப் பட்டியல்தான் கை கொடுக்கும்.

---

காவேரிப்பட்டணம், பிளஸ் ஒன்

ரொம்ப நன்றி சார். 'ஐ' சோதனையை முதல் ஜோடியில் போட்டுப் பார்த்தேன், குடிக்கிறேன் வாக்கியத்துக்குச் சரியாக வந்தது. ஆண்பால், பெண்பால் எப்படித் தெரிந்துகொள்வது? மேசை பெண்பால், அலுவலக மேசை ஆண்பால் என்று இருக்கிறது. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு லெ, லா இரண்டுமே ல் ஆகிவிடுகிறதே, அப்போது பாலை எப்படிக் கண்டுபிடிப்பது?

---

பாலக்கோடு, மொழிபெயர்ப்பாளர்

பொருளைப் பார்த்துப் பாலைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். நமக்கு அஃறிணையில் ஆண், பெண் இல்லை, அதனால் காரணம் தேடத் தோன்றும். தேடினால் கிடைக்காது. சொல்லின் வாலைப் பாருங்கள்.

'-ஸ்யோன்' என்று முடிவதும் '-எத்' என்று முடிவதும் பெரும்பாலும் பெண்பால். '-தே' என்று முடியும் குணப்பெயர்களும் அப்படியே: லா லிபெர்தே (சுதந்திரம்), லா ஸான்தே (உடல்நலம்). கோடைக்காலத்தைக் குறிக்கும் 'எதே' மட்டும் ஆண்பால், அது குணப்பெயர் அல்ல.

'-ஆஜ்', '-மான்', எழுத்தில் ஈ-ஏ-யூ என்று எழுதி 'ஓ' என ஒலிக்கும் முடிவு, இவை பெரும்பாலும் ஆண்பால். லெ விலாஜ் (கிராமம்), லெ பராஜ் (அணை), லெ கூவெர்ன்மான் (அரசு), லெ ப்யூரோ (அலுவலக மேசை, அலுவலகம் இரண்டும்). விலக்குகள் கொஞ்சம்தான், ஆனால் தினமும் வருபவை: லா பாஜ் (பக்கம்), லா ப்லாஜ் (கடற்கரை), இமாஜ் (படம்), ஓ (தண்ணீர்), லா போ (தோல்). இந்த ஐந்தும் பெண்பால்.

ல் வந்து பாலை மறைக்கும் சிக்கலுக்கு ஒரே வழிதான். உயிரில் தொடங்கும் சொல்லை ஒருபோதும் ல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். லெகோல் (பள்ளி) என்று படித்தால் பால் தெரியாது, யூன் எகோல் என்று படித்தால் தெரியும். லோம் (மனிதன்) என்று எழுதாமல் அன் ஓம் என்று எழுதுங்கள். மற்ற எல்லாச் சொல்லையும்கூட ஆர்ட்டிகிளோடு ஒட்டியே படியுங்கள். வெறும் 'தாப்ல்' என்று ஒரு சொல் உங்கள் நோட்டில் இருக்கவே கூடாது.

எச் எழுத்தில் தொடங்கும் சொற்களில் இரண்டு வகை. இரண்டிலும் எச் ஒலிக்காது. ஒரு வகை உயிரெழுத்துபோல நடக்கும், லோம் அப்படித்தான். இன்னொரு வகை ல் ஆகச் சுருங்க விடாது: லெ ஏரோ (வீரன்), லெ அரிகோ (பீன்ஸ்). பன்மையிலும் லே ஏரோ என்று இடைவெளி விட்டுத்தான் சொல்ல வேண்டும். இழுத்துச் சேர்த்து 'லே ஸேரோ' என்று சொன்னால் வீரர்கள் 'பூஜ்யங்கள்' ஆகிவிடுவார்கள். அகராதியில் இந்த வகைச் சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறியோ வேறு அடையாளமோ போட்டிருப்பார்கள்.

ஆர்ட்டிகிளை மாற்றினால் பொருளே மாறும் ஜோடிகளும் உண்டு. லெ லீவ்ர் புத்தகம், லா லீவ்ர் பவுண்டு எடை. லெ தூர் ஒரு சுற்று, லா தூர் கோபுரம். லெ போஸ்த் பதவி, லா போஸ்த் தபால்.

நம் பக்கத்துப் பொருள்களை வைத்தே பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள், சீக்கிரம் நிற்கும். லா மாங்க் (மாம்பழம்), லா தொமாத் (தக்காளி), லெ தமாரேன் (புளி), லா ஸ்வா (பட்டு), லெ க்ரானித் (கிரானைட்), லா ரோஸ் (ரோஜா).

---

பென்னாகரம், தெல்ஃப் (பிரெஞ்சு மொழித் தகுதி) தேர்வுக்குப் பயிற்சி தருபவர்

இரண்டாம், மூன்றாம் ஜோடிக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அதற்கு முன் ஒன்று. ஓசூர் சார் 'கொஞ்சம்' என்று போட்டுப் பார்க்கச் சொன்னது தொடக்கத்துக்குச் சரி. ஆனால் அதையே பிடித்துக்கொண்டால் மாணவர்கள் 'அன் பெ தெ' என்று எழுத ஆரம்பிக்கிறார்கள். அதுதான் உண்மையில் அளவில் 'கொஞ்சம்'. த்யூ ரி என்பது ஒரு பிடி சோறாகவும் இருக்கலாம், ஒரு அண்டா சோறாகவும் இருக்கலாம். அளவு சொல்லப்படவில்லை என்பதுதான் அதன் பொருள். தமிழில் அந்த இடத்தில் ஒன்றுமே இருக்காது: 'சோறு சாப்பிடுகிறேன்', அவ்வளவுதான்.

இல்லை என்று வந்தால்: அன், யூன், தே, த்யூ, தெ லா எல்லாமே பா என்ற எதிர்மறைச் சொல்லுக்குப் பின்னால் வெறும் தெ ஆகிவிடும். ஜே த்யூ ஸெல், ஜெ நே பா தெ ஸெல். ஆனால் லெ, லா, லே அசையாது. காபி பிடிக்காது என்பதற்கு ஜெ நெம் பா லெ கஃபே. இங்கே தெ போடுவதுதான் விடைத்தாள்களில் அடிக்கடி வரும் தவறு. 'பா என்றால் தெ' என்று பாதி விதியை மட்டும் மனப்பாடம் செய்வதால் வருவது. இன்னொரு விலக்கு, 'ஏ' என்ற இருத்தல் வினை. இது மாம்பழம் அல்ல என்பதற்கு ஸெ நே பா யூன் மாங்க். 'மாம்பழமே கிடையாது' என்பது வேறு, 'இது மாம்பழம் அல்ல' என்பது வேறு. தமிழில் இல்லை, அல்ல என்று பிரிப்பது போலவே இங்கேயும் பிரித்துக்கொள்ளுங்கள். 'அல்ல' வரும் இடத்தில் ஆர்ட்டிகிள் அப்படியே நிற்கும்.

அளவு சொன்னாலும் வெறும் தெ: அன் கிலோ தெ தொமாத், யூன் பூதேய் தோ (ஒரு பாட்டில் தண்ணீர்), போகூ தெ மாங்க் (நிறைய மாம்பழம்). கிலோவுக்குப் பின்னால் பன்மை வருகிறதே என்று தே போடாதீர்கள்.

தொழில்: இல் ஏ என்று தொடங்கினால் தொழிற்பெயருக்கு ஆர்ட்டிகிள் கிடையாது, ஸே என்று தொடங்கினால் உண்டு. இல் ஏ ப்ரொஃபெஸர், ஸே அன் ப்ரொஃபெஸர். 'நல்ல ஆசிரியர்' என்று அடைமொழி சேர்ந்தால் ஸே அன் பொன் ப்ரொஃபெஸர் என்பதுதான் இயல்பு. தெல்ஃப் ஏ1 எழுத்துப் பகுதியில் ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். தொழில் என்ற கட்டத்தில் வெறும் எத்யூத்யான் (மாணவர்) போதும், மாணவி என்றால் எத்யூத்யான்த். முன்னால் எதுவும் வேண்டாம்.

ஒட்டிக்கொள்ளும் ஆர்ட்டிகிள்: அ + லெ = ஓ, அ + லே = ஓ (ஒலி ஒன்றே, எழுத்தில் பின்னால் எக்ஸ் சேரும்). தெ + லெ = த்யூ, தெ + லே = தே. லா, ல் இரண்டும் ஒட்டாது. சந்தைக்குப் போகிறேன் என்பதற்கு ஜெ வே ஓ மார்ஷே, பள்ளிக்கு அ லெகோல்.

ஆக இரண்டு த்யூ இருக்கின்றன, இதில்தான் குழப்பம் வேர் பிடிக்கிறது. ஜெ ப்வா த்யூ கஃபே என்பதில் வருவது ஓசூர் சார் சொன்ன மூன்றாம் கேள்வியின் த்யூ. லெ ப்ரி த்யூ கஃபே (காபியின் விலை) என்பதில் வருவது தெ + லெ, தமிழில் '-இன்' உருபு. பிரித்தறிய எதிர்மறையாக்கிப் பாருங்கள். முதலாவது பா தெ கஃபே என்று சுருங்கும். இரண்டாவது சுருங்காது. 'காபியின் விலை எனக்குத் தெரியாது' என்றாலும் லெ ப்ரி த்யூ கஃபேதான். தே-வுக்கும் இதே சோதனைதான்.

ஊர்ப்பெயர்: பொதுவாக ஆர்ட்டிகிள் வேண்டாம். அ தர்மபுரி, அ பாரி. நாட்டுக்குப் பெரும்பாலும் வேண்டும்: லா ஃப்ரான்ஸ், லேந்த் (இந்தியா), லெ ஜபோன். அதனால்தான் நயாகரா அருவிக்கு லே ஷ்யூத் த்யூ நியாகரா, ஒகேனக்கல் அருவிக்கு லே ஷ்யூத் தெ ஒகேனக்கல். நயாகரா ஆற்றின் பெயர், லெ வாங்கும். ஒகேனக்கல் ஊரின் பெயர், வாங்காது.

கிழமை: லந்தி என்றால் இந்தத் திங்கள், லெ லந்தி என்றால் திங்கள்தோறும்.

காதுக்கு ஒரு வார்த்தை. பன்மையில் சேரும் எஸ் பெரும்பாலும் ஒலிக்காது. ஒருமையா பன்மையா என்பதைக் கேட்பவருக்குச் சொல்வது ஆர்ட்டிகிள்தான். லெ என்பதைக் குறிலாக, உதட்டைச் சற்றுக் குவித்துச் சொல்லுங்கள். நம் பழக்கத்தில் இழுத்துவிட்டால் லே ஆகி, ஒரு புத்தகம் பல புத்தகமாகிவிடும்.

ஒரு பயிற்சி தருகிறேன், நிரப்பி அனுப்புங்கள்:

(1) __ திமான்ஷ், மா மேர் வா (2) __ மார்ஷே. எல் அஷெத் (3) __ மாங்க், (4) __ ஸெல், ஏ அன் கிலோ (5) __ தொமாத். இல் ந்யா பா (6) __ ப்வாஸோன். எல் அதோர் (7) __ ப்வாஸோன். (8) __ மாங்க் தெ கிருஷ்ணகிரி ஸோன் பொன்.

(ஞாயிறுதோறும் அம்மா சந்தைக்குப் போகிறார். மாம்பழங்கள், உப்பு, ஒரு கிலோ தக்காளி வாங்குகிறார். மீன் இல்லை. அவருக்கு மீன் என்றால் உயிர். கிருஷ்ணகிரி மாம்பழங்கள் நன்றாக இருக்கும்.)

---

காவேரிப்பட்டணம், பிளஸ் ஒன்

1 லெ, 2 ஓ, 3 தே, 4 த்யூ, 5 தெ, 6 தெ, 7 த்யூ, 8 லே.

எட்டாவதில் தே போடலாமா என்றும் யோசித்தேன்.

---

பென்னாகரம், தெல்ஃப் தேர்வுக்குப் பயிற்சி தருபவர்

ஏழாவது மட்டும் லெ ஆகணும் தங்கச்சி. வினை அதோரே, நான்கு வினைப் பட்டியலில் இருப்பது. 'மா மேர் மான்ஜ்' என்று வினையை மாற்றினால் நீங்கள் போட்ட த்யூ சரியாகிவிடும். எட்டில் லேதான். கிருஷ்ணகிரி மாம்பழங்கள் என்ற வகை முழுவதையும் பற்றிய பேச்சு அது. 'தே மாங்க்' என்றால் ஏதோ சில பழங்கள் என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். இதே எட்டு வாக்கியத் துண்டுகளில் ஸெல், மாங்க், ப்வாஸோன் ஆகியவற்றை எடுத்துவிட்டு ஃபரீன், தொமாத், ரி என்று மாற்றிப்போட்டு மறுபடி எழுதுங்கள். ஃபரீன் பெண்பால், ரி ஆண்பால். நான்காவதும் ஏழாவதும் என்ன ஆகின்றன என்று பாருங்கள்.